மேற்கோள் எண்கள் குழம்பியபோது

பாம்புக்கடி நோயாளிகள் பற்றிய என் கட்டுரை, மருத்துவ இதழுக்கு அனுப்பிய மூன்றாம் நாளே திரும்பி வந்தது. மதிப்பாய்வுக்கே போகவில்லை, மேற்கோள்கள் வான்கூவர் முறையில் இல்லையாம். 1978-இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் தொடங்கிவைத்த ஒழுங்கு அது: கட்டுரையில் எது முதலில் வருகிறதோ அதற்கு எண் 1. நான் அகர வரிசையில் அடுக்கியிருந்தேன்.

ஞாயிறு அன்று காரைக்குடி வீட்டுப் பட்டாலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தேன். ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி ஒன்றுதான் ஆறுதல். கையால் எண் மாற்றினால், முன்னுரையில் ஒன்றைச் செருகியதும் பின்னால் உள்ள அத்தனையும் நகரும். "என்னப்பா, வட்டிக் கணக்கா பாக்குறே?" என்றார் அப்பத்தா. அதுவே தேவலை.

மேற்கோள்களைச் சேர்த்துவைத்து எண் போடும் மென்பொருள் சோட்டெரோ, இலவசம். எல்லாவற்றையும் அதில் ஏற்றி, வேர்டில் செருகி, வான்கூவர் பாணியைத் தேர்ந்தெடுத்தேன். எண்கள் தாமாகவே சரியாயின, அட்டவணை தவிர. அட்டவணையில் மட்டும் வரும் மேற்கோளுக்கு, உரையில் 'அட்டவணை 1' என்று முதலில் சொல்லும் இடத்தை வைத்தே எண் தரவேண்டும். என் அட்டவணையோ கோப்பின் கடைசியில் இருந்தது. மென்பொருள் அதற்குக் கடைசி எண்ணையே கொடுத்தது. அட்டவணையை அந்தப் பத்திக்குக் கீழே நகர்த்திப் புதுப்பித்தேன். பிறகு நகல் எடுத்து, எண்கள் இனி மாறாதபடி நகலில் மட்டும் சோட்டெரோ இணைப்பைத் துண்டித்து, அட்டவணையைப் பழையபடி கடைசிக்குக் கொண்டுபோனேன். மூலக் கோப்பில் துண்டித்தால் தொலைந்தோம், மறுபடி முதலிலிருந்து.

மதிப்பாய்வாளர்களுக்காகப் பெயர் மறைத்த கோப்பின் பண்புகளில் என் பெயர் அப்படியே இருந்ததை, பதிவேற்றும் முன் தற்செயலாகத்தான் பார்த்தேன்.