பிரிட்ஜ்ல டிஃபென்ஸ்: பார்ட்னர் இறக்குன 7 என்ன சொல்லுது?

கூடலூர் பக்கம் ஜூலை மழைல கரண்ட் போச்சுன்னா மெழுகுவத்திய ஏத்தி வச்சு இருபத்தெட்டுங்கிற ஆட்டத்துக்குத்தான் சீட்டு கலைப்பாங்க. அது தெரிஞ்சவங்களுக்கு, நாலு பேர் ரெண்டு ஜோடியா ஆடுற சீட்டாட்டமான பிரிட்ஜ் சீக்கிரம் பிடிபடும், ஆனா ஒண்ண மறந்துடணும், அங்க ஜாக்கியும் ஒன்பதும் பெருசு, இங்க ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்துன்னு வரிசையா இறங்கும், சீட்டும் 32 இல்ல, 52.

எதிராளி ஏலத்துல 3 நோ ட்ரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) எடுத்திருக்காங்கன்னு வைங்க. 13 ட்ரிக்ல (ஆளுக்கொரு சீட்டு போடுற ஒரு சுத்துதான் ட்ரிக்) அவங்களுக்கு 9 வேணும், நாம 5 எடுத்துட்டா அவங்க காலி.

முதல்ல லீட், அதாவது ட்ரிக்கை ஆரம்பிக்கிற சீட்டு. நீங்களோ பார்ட்னரோ, கைல நீளமா இருக்குற ஜாதில (ஸ்பேட், ஹார்ட் மாதிரி) மேலருந்து நாலாவது சீட்டை இறக்கணும் (ராஜா, ராணி, ஜாக்கின்னு வரிசையா இருந்தா அப்ப ராஜாதான்).

பார்ட்னர் லீட் பண்ணாருன்னா, அடுத்து டம்மி (ஏலம் எடுத்து ஆடுற ஆட்டக்காரரோட ஜோடி திறந்து வைக்கிற கை) விரிச்சதும் கை தானா சீட்டுக்குப் போகும், கொஞ்சம் பொறுங்க, 11லருந்து பார்ட்னர் போட்ட நம்பரைக் கழிங்க. ஏன் 11னா, ஏஸை 14னு வச்சா 7க்கு மேல 7 சீட்டு, பார்ட்னர் போட்டது நாலாவது சீட்டுங்கிறதால அதுல 3 அவர்கிட்டயே இருக்கு, அப்ப மத்த மூணு கைலயும் சேத்து 4தான்.

இப்ப பாருங்க, பார்ட்னர் போட்டது ஸ்பேட் 7, டம்மில ராஜா, 4, உங்ககிட்ட ஏஸ், ஜாக்கி, 9. டம்மில ஒண்ணு, உங்ககிட்ட மூணு, கணக்கு தீந்துச்சு. ஆட்டக்காரர் கைல 7க்கு மேல ஒண்ணுமே கிடையாது! டம்மிலருந்து 4 வந்தா புதுசா ஆடுறவங்க "மூணாவது ஆள் பெருசு போடணும்"னு ஏஸைப் போட்டுருவாங்க, ராஜாவுக்கு ஒரு ட்ரிக் சும்மா போயிரும். நீங்க 9ஐப் போடுங்க, அதுவே ஜெயிக்கும். அப்புறம் ஏஸ், ராஜா விழுந்துரும். அப்புறம் ஜாக்கி.

இங்கதான் பார்ட்னர் முழிச்சிருக்கணும். அவர்கிட்ட ராணி, 10, 8, 7, 2 இருந்துச்சுன்னா உங்க ஜாக்கி மேலயே ராணியைப் போட்டு லீடை வாங்கிக்கணும், நம்ம சீட்டை நாமளே ஏன் அடிக்கணும்னு விட்டாருன்னா உங்ககிட்ட ஸ்பேட் தீந்து போச்சு, அவரோட 10ம் 8ம் கைலயே தூங்கும். வாங்கிட்டாருன்னா மொத்தம் 5, முடிஞ்சது.

கணக்கு இடிச்சா அதுவும் நல்ல சேதிதான். பார்ட்னர் 8 போட்டு, டம்மிலயும் உங்ககிட்டயும் சேத்து 8க்கு மேல 4 சீட்டு தெரிஞ்சா அது நாலாவது சீட்டே இல்ல, குட்டை ஜாதிலருந்து வந்திருக்கும், லீட் உங்க கைக்கு வந்ததும் வேற ஜாதிக்குப் போறதைப் பத்தி யோசிங்க. ஆட்டக்காரருக்கும் இதே கணக்கு தெரியும்ங்க, அதனால யோசிக்கும்போது முகத்தைச் சுளிக்காதீங்க, பார்ட்னருக்கு சேதி சீட்டு வழியாதான் போகணும், முகத்துல காட்டுறது ரூல்படி தப்பு.