களுவாஞ்சிக்குடி பஸ்ஸில் ஒரு காதல் ஆல்பத்தைக் கேட்பது எப்படி

ட்ரோய் சிவன் என்ற பெயரைக் கண்டு மட்டக்களப்பின் சிவன் கோயிலில் இருக்கும் மாமாங்கேஸ்வரரை நினைக்க வேண்டாம். 1995இல் ஜோகன்னஸ்பர்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஆஸ்திரேலியாவின் பேர்த் நகரில் வளர்ந்த பாடகர் அவர். தான் தன்பாலீர்ப்பாளர் என்பதை 2013இலேயே யூடியூபில் வெளிப்படையாகச் சொன்னவர். 2023 ஒக்டோபரில் வந்த அவருடைய மூன்றாவது ஆல்பமான ‘Something to Give Each Other’, காதல் முறிந்தபின் மறுபடி மனிதர்களிடம் நெருங்குவதைப் பாடுகிறது.

பத்துப் பாடல்கள், அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. களுவாஞ்சிக்குடியில் ஏறினால் கல்லடி வருமுன் முடிந்துவிடும். வீட்டிலேயே தரவிறக்கிக்கொள்ளுங்கள். பாடல் வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. அட்டைப்படம் கொஞ்சம் துணிச்சலானது. பக்கத்து ஆசனத்து அக்காவுக்கு விளக்கம் சொல்ல விருப்பமில்லையென்றால் திரையை அணைத்துவிடுங்கள். சாரதியின் ஸ்பீக்கரை வெல்ல, காதுக்குள் இறுக்கமாகப் பொருந்தும் ரப்பர் முனை இயர்போன் வேண்டும்.

முதற் பாடல் வியர்வையும் கூட்டமுமாக ஆடும். அதற்கு விளக்கம் தேவையில்லை. ஆறாவதில் நில்லுங்கள். ஏமாற்றப்பட்டவனின் கசப்பு அது. குரல் உயராது, அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது. நான் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். அடுத்ததில் பழைய நடன மெட்டொன்று துள்ளிக்கொண்டு வர, புதிதாக ஒருவர்மேல் ஆசை பிறக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்காவிட்டால் ஆல்பத்தைக் கேட்டதாகவே நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். எட்டாவதை வேண்டுமானால் தாண்டலாம். ஆரையம்பதிச் சந்தியில் பஸ் ஆள் ஏற்றத் தாமதித்தால், ஆறிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.