குதிகால் வலியிலிருந்து மீண்டது: என் அனுபவம்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் இடது குதிகாலில் ஆணி குத்துவது போல வலிக்கும். நாலு எட்டு நடந்தால் குறையும். ஓடி முடித்து, உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடிக்கும். ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் பிளான்டார் ஃபேசியைடிஸ் இது. குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் போகும் தடித்த பட்டை, தாங்க முடியாத சுமையால் நொந்துபோகிறது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது பிசியோ சொல்லித்தந்த பயிற்சிதான். மாடிப்படி விளிம்பில் துண்டைச் சுருட்டி வைத்து, கால்விரல்கள் மேல்நோக்கி வளையும்படி அதன்மேல் நிற்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் குதிகாலை உயர்த்த 3 விநாடி, மேலே நிறுத்த 2, இறக்க 3. இப்படி 12 முறை, 3 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது லேசாக வலிக்கும், பரவாயில்லை. சுலபமானதும் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு எடையைக் கூட்டினேன்.

அப்புறம், டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதை நிறுத்தி, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்புப் போட்டேன். அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது. ஓட்டத்தை அடியோடு விடவில்லை. தூரத்தைக் குறைத்தேன், மேட்டுப் பாதையைத் தவிர்த்தேன்.

குணமாகச் சில மாதங்கள் பிடித்தன. தயவுசெய்து ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்படாதீர்கள். வலி சீக்கிரம் அடங்கும், ஆனால் பட்டை கிழியும் அபாயம் உண்டு. பாதம் மரத்துப்போனாலோ, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.