வெளிநாட்டுச் சுரங்க வேலைக்குக் கிளம்புமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் நெய்வேலிப் பக்கத்துத் தம்பி ஒருவன் ஜாம்பியாவின் கிட்வே நகரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். இங்குள்ள செம்புச் சுரங்கப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. ஃபைலில் பழைய கம்பெனி கொடுத்த ஒரே ஒரு தாள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்களிடம் பணியாற்றினார். நானும் அப்படி ஒரு தாளோடுதான் வந்தேன். பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

அனுபவச் சான்றிதழ் வாங்காமல் கிளம்புவது

அந்தத் தாள் சம்பளம் வாங்கியதற்குத்தான் சாட்சி. இந்தியாவில் சுரங்க மேனேஜராக வேண்டுமானால், தன்பாத்தில் இருக்கும் டிஜிஎம்எஸ் (சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம்) நடத்தும் ஃபர்ஸ்ட் கிளாஸ் மேனேஜர் சான்றிதழ்த் தேர்வு உண்டு; அதற்கு அந்தத் தாள் போதாது. எந்தச் சுரங்கம், நிலத்தடியா திறந்தவெளியா, என்ன வேலை, எத்தனை நாள் என்று எழுதி அந்தச் சுரங்கத்தின் மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐந்து வருஷம் கழித்து நான் கேட்டபோது சுரங்கம் கைமாறியிருந்தது, மேனேஜர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். "பழைய ரெஜிஸ்டர் எங்க இருக்குன்னே தெரியல சார்" என்றார் போனை எடுத்தவர். இரண்டு வருஷம் எட்டு மாதம் நிலத்தடியில் உழைத்தது கணக்கில் சேரவில்லை. ஊர் திரும்பி, வேறொரு சுரங்கத்தில் சேர்ந்து முதலிலிருந்து நாள்களைச் சேர்த்தேன். கிளம்பும் முன் ஒரு மத்தியானம் மேனேஜர் அறை வாசலில் காத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

இன்னொன்று. நிலக்கரிக்கு ஒரு சான்றிதழ், உலோகச் சுரங்கத்துக்கு வேறு. திறந்தவெளிக்கு மட்டும் செல்லும் சான்றிதழும் உண்டு. அதை வைத்து நிலத்தடிச் சுரங்கத்தில் மேனேஜராக முடியாது. நெய்வேலி திறந்தவெளி. தம்பிக்கு இது புதுச் செய்தி. அன்றிரவே பழைய மேனேஜருக்குப் போன் போட்டான். நல்லவேளை, அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

கூரையைத் தட்டாமல் உள்ளே போவது

வெடி வைத்த இடத்தில் முதலில் கடப்பாறையால் மேலே தட்டுங்கள். உறுதியான பாறை கணீரென்று ஒலிக்கும். விட்டுப்போன பாறை தொம்மென்று அடங்கும். இங்குள்ள மூத்த தொழிலாளி "நில்" என்று கை காட்டினால், பட்டம் எதுவாக இருந்தாலும் நில்லுங்கள். 1970 செப்டம்பர் 25-இல் பக்கத்திலுள்ள முஃபுலிராவில் மேலிருந்த கழிவுச் சேறு சுரங்கத்துக்குள் பாய்ந்து 89 பேர் செத்த பகுதி இது.

ஜாம்பிய நாணயமான குவாச்சாவில் மட்டும் சம்பளம்

வேண்டாம். 2015-இல் அது சரிந்த சரிவைப் பார்த்தவன் சொல்கிறேன்.

லீவில் காய்ச்சல்

ஊர் டாக்டரிடம் முதல் வார்த்தையே "ஜாம்பியாவிலிருந்து வந்திருக்கிறேன், மலேரியா பாருங்கள்" என்பதாக இருக்கட்டும்.