உரிமை இருந்தால் சரியாகிவிடுமா? லிபர்டேரியன் சிந்தனையில் நாம் செய்யும் தவறுகள்

லிபர்டேரியன் என்பதைத் 'தாராளவாதி' என்று தமிழில் எழுதிவிடுவதில் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. அமெரிக்காவில் தாராளவாதி என்றால் அரசு இன்னும் கொஞ்சம் தலையிடட்டும் என்பவர். லிபர்டேரியன் கிட்டத்தட்ட அதற்கு எதிர்முனை. 'சுதந்திரவாதி' பரவாயில்லை, ஆனால் நம் காதில் அது கதர்ச் சட்டையோடுதான் வந்து நிற்கும். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். இந்தத் தத்துவம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஒருவர் மீது பலத்தைப் பிரயோகிக்க எப்போது நியாயம் உண்டு? அவர் அடுத்தவருடைய உடலிலோ உடைமையிலோ வன்முறையாலோ மோசடியாலோ கை வைக்கும்போது மட்டும் என்பது அதன் பதில். எப்படி வாழ வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தருவதாக இது சொல்லிக்கொள்ளவே இல்லை.

ஆகவே முதல் தவறு, 'சட்டம் தடுக்கக் கூடாது' என்பதை 'செய்யலாம்' என்று வாசிப்பது. அமெரிக்க வழக்கறிஞர் லைசாண்டர் ஸ்பூனர் 1875-இல், தீய பழக்கங்கள் குற்றங்கள் அல்ல என்று வாதிட்டார். கவனியுங்கள், அவற்றைத் தீய பழக்கங்கள் என்றேதான் அழைத்தார். குடிப்பவரைச் சிறையில் அடைக்காதே என்பது வேறு, ஊற்றிக் கொடு என்பது வேறு.

நம்மூர் உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் சுற்றி வளைத்துச் சாதியைக் கேட்டுவிட்டு, "வீடு முடிஞ்சிருச்சுங்க" என்கிறார் வீட்டுக்காரர். கறாரான லிபர்டேரியன், போலீஸ் அங்கே போகக் கூடாது என்பார். பலர் இதோடு நிறுத்திக்கொண்டு "அவர் வீடு, அவர் இஷ்டம்" என்று எழுந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆள் செய்தது இழிவான காரியம் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், ஊரறியச் சொல்லலாம், அவர் கடையில் சாமான் வாங்காமல் விடலாம். எதுவுமே அவர் உரிமையைப் பறிப்பதல்ல. சட்டத்தை ஒதுங்கச் சொல்லிவிட்டு நாமும் வாயை மூடிக்கொண்டால், அந்த வேலையைச் செய்ய மிச்சம் யார் இருக்கிறார்கள்?

சரி, தெரு முழுக்கவே மறுத்தால்? இந்த இடத்தில் சறுக்கியவர்களில் பெரிய பெயர், அமெரிக்க செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காக வந்த 1957, 1960 சிவில் உரிமைச் சட்டங்களை ஆதரித்தவர் 1964 சட்டத்தை எதிர்த்தார். ஓட்டல், வேலை ஆகியவற்றில் தனியார் யாரை ஏற்பது என்று மத்திய அரசு கட்டளையிடக் கூடாது என்பது அவர் வாதம். தனிப்பட்ட முறையில் அவர் நிறவெறியர் அல்ல, அரிசோனாவின் விமானப்படைக் காவல் பிரிவில் நிறப்பிரிவினையை நீக்க உதவியவர். ஆனாலும் அந்த ஆண்டு அதிபர் தேர்தலில் சொந்த மாநிலத்தைத் தவிர அவர் வென்றது நிறப்பிரிவினை ஊறிப்போன ஐந்து ஆழ்தெற்கு மாநிலங்களை மட்டுமே. அங்கே வாக்களித்தவர்கள் தத்துவம் படித்துவிட்டு வரவில்லை.

வாதத்திலும் ஓட்டை இருந்தது. தெற்கின் பிரிவினை வெறும் தனியார் விருப்பம் அல்ல. வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்தே ஆக வேண்டும் என்று ரயில் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது லூசியானாவின் 1890 சட்டம். 1896-இல் உச்ச நீதிமன்றம் அதற்கு முத்திரை குத்தியது. பல பத்தாண்டுகள் அரசே அடித்து வளைத்ததை, ஒரு நாள் காலையில் 'இனி அவரவர் விருப்பம்' என்று சொன்னால் நிமிர்ந்துவிடாது.

இதிலிருந்துதான் அதிகம் மறக்கப்படும் பகுதிக்கு வர வேண்டும். லிபர்டேரியன் தத்துவ அறிஞர் ராபர்ட் நோசிக் 1974-இல் சொத்துரிமைக்கு மூன்று சோதனைகள் வைத்தார்: முதலில் எப்படிக் கிடைத்தது, எப்படிக் கைமாறியது, நடந்த அநீதி எப்படிச் சரிசெய்யப்பட்டது. மூன்றாவதை அவர் விரிவாக எழுதவில்லை. ஆனால் பழைய அநீதி மிகப் பெரிதாக இருந்தால், அதைச் சரிக்கட்டக் கொஞ்ச காலத்துக்குப் பெரிய அரசுகூடத் தேவைப்படலாம் என்று ஒப்புக்கொண்டார். 'இன்று யார் கையில் இருக்கிறதோ அவருக்கே' என்பது லிபர்டேரியன் நிலைப்பாடு இல்லை.

பஞ்சமி நிலத்தை வைத்துச் சோதித்துப் பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்கு மட்டுமே விற்கலாம். இந்த நிலம் நிபந்தனையை மீறி வேறு கைக்குப் போயிருந்தால், பத்திரம் எத்தனை முறை பதிவாகியிருந்தாலும் இரண்டாவது சோதனையிலேயே தோற்றுவிடும். சொத்துரிமை புனிதம் என்று மேடையில் பேசுபவர் வில்லங்கச் சான்றிதழைப் புரட்டும்போதும் அதே குரலில் பேச வேண்டும்.

தகுதியையும் உரிமையையும் ஒன்றாக்குவது இன்னொரு தவறு. கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லைனை வைத்து நோசிக் ஒரு கணக்குச் சொன்னார். ஆளுக்கு 25 சென்ட் அவருக்கென்று தனியாகப் போட்டுவிட்டு 10 லட்சம் பேர் ஆட்டம் பார்க்கிறார்கள், அவர் கையில் 2,50,000 டாலர் சேர்கிறது. உழைத்ததால் அவர் இதற்குத் தகுதியானவர் என்பதல்ல வாதம். தங்களுடையதைத் தாங்களாக விரும்பிக் கொடுத்தார்கள், அதனால் அது அவருக்கு உரியது, அவ்வளவுதான். மாமா எழுதிவைத்த தோப்பும் அதே விதியில் வரும். ஆகவே 'ஏழை சோம்பேறி' என்று சொல்பவர் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்கிறார். தத்துவத்தின் மேல் பழி போட வேண்டாம்.

'ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாரே' என்ற ஒற்றை வரி வாதத்திலும் நின்றுவிடாதீர்கள். பாலைவனத்தில் உள்ள ஒரே நீர்நிலையை வளைத்துக்கொண்டு வாய்க்கு வந்த விலை சொல்ல முடியாது என்றவரும் நோசிக்தான். மற்ற ஊற்றெல்லாம் தற்செயலாக வற்றி, உங்களுடையது மட்டும் மிஞ்சினாலும் அதே கதைதான். பிறருக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிச்சம் இருக்க வேண்டும் என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் லாக் வைத்த நிபந்தனை இதற்கு வேர்.

கடைசியாக, எல்லோரையும் ஒரே சாக்கில் கட்டுவது. நாவலாசிரியர் அய்ன் ராண்ட் லிபர்டேரியன்களை வெளிப்படையாகவே வெறுத்தார். பொருளாதார அறிஞர் ஹாயெக் எல்லோருக்கும் குறைந்தபட்ச வாழ்க்கை உத்தரவாதத்தை ஏற்றார். இன்னொரு பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1962-இல் ஏழைகளுக்கு அரசே பணம் தரும் எதிர்மறை வருமான வரியை முன்வைத்தார். அதே துறையைச் சேர்ந்த மர்ரி ராத்பார்டோ அரசே வேண்டாம் என்றார். நம் பக்கத்தில் இந்தச் சாக்கில் அடிக்கடி போடப்படுபவர் ராஜாஜி. பர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சி தொடங்கியவர் அவர்தான், சரி. ஆனால் 1937-இல் சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவரும் அவரே. 1971-இல் அது தளர்த்தப்பட்டபோது எதிர்த்தவரும் அவரே. ஸ்பூனர் அவரோடு ஒரு மேடையில் அரை மணி நேரம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார்.