நமக்கு நாமே திட்டத்தில் மனு போடும் முன்

குறுவை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால் எங்கள் ஊரில் தார்ச்சாலைதான் களம். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அதனால் நெல் காயவைக்க உலர்களம் கேட்டு, மக்கள் ஒரு பங்கு பணம் கட்டினால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்தில் மனு கொடுத்தோம். எட்டு மாதம் கழித்து மனு திரும்பி வந்தது. நாங்கள் காட்டிய இடம் வருவாய்க் கணக்கில் வாய்க்கால் புறம்போக்கு, அதாவது வாய்க்காலுக்கென்று ஒதுக்கிய அரசு நிலம்.

டெல்டாவில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். மேடாக, தரிசாகக் கிடக்கும் இடம் ஒரு காலத்தில் குட்டையாகவோ கிளை வாய்க்காலாகவோ இருந்திருக்கும். தண்ணீர் வருவது நின்று முப்பது வருஷம் ஆனாலும், எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டில் அது நீர்நிலைதான்; அதில் கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காது. மனு எழுதுவதற்கு முன்பே சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) போய்ப் பதிவேட்டையும், இடத்தின் அளவும் எல்லையும் காட்டும் புலப்படத்தையும் பாருங்கள். கோயில் நிலமா, மடத்து நிலமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். நம் பக்கம் அந்த நிலங்கள் நிறைய. எல்லாரும் பொதுவில் புழங்குவதாலேயே அது ஊர்ப் பொது இடம் ஆகிவிடாது.

அடுத்தது பணம். மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும். ஆறு லட்ச ரூபாய் வேலை என்றால் இரண்டு லட்சம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் பகுதிக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும். இது தெரியாமலே கேட்காமல் விட்டுவிடும் தெருக்கள் இருக்கின்றன, அதுதான் எனக்கு வருத்தம். “ஆர்டர் வரட்டும், வசூல் பண்ணிக்கலாம்” என்று சொல்பவர்களை நம்பி இறங்காதீர்கள். நெல் போட்ட பணம் கையில் இருக்கும் மாசி, பங்குனியிலேயே வசூலை முடித்து, ஒரு நோட்டில் எழுதி, சங்கத்தின் பெயரில் வங்கியில் போட்டு வையுங்கள். மதிப்பீட்டையும் குத்துமதிப்பாக எழுத வேண்டாம். ஒன்றியப் பொறியாளரை ஒருமுறை இடத்துக்கு அழைத்து வந்துவிட்டால் தொகை சரியாக வரும்.

மனுவுக்கான கிராம சபைத் தீர்மானத்தில் “ஊருக்கு அடிப்படை வசதி செய்து தர வேண்டும்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயன் இல்லை. என்ன வேலை, எந்த சர்வே எண், மக்கள் பங்கு எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும். சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

குளம் தூர்வாருவது, படித்துறை கட்டுவது மாதிரி வேலைகளுக்குக் காலம் மிக முக்கியம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கும். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த பிறகு குளத்தில் இறங்க முடியாது. அதை விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழை. ஆக, கோடையில் வேலை நடக்க வேண்டுமானால் மனு அதற்கு முந்தைய ஆகஸ்டு, அக்டோபர் சபையிலேயே தீர்மானமாகிப் போயிருக்க வேண்டும்.

அனுமதி வருவதற்கு முன் “கொஞ்சம் ஆரம்பிச்சு வைப்போம்” என்று கடைக்கால் எடுக்காதீர்கள். தொடங்கிவிட்ட வேலைக்குப் பணம் கேட்பது பெரும் சிக்கல்.

இரண்டாம் முறை நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நத்தம் புறம்போக்கில், அதாவது குடியிருப்புப் பகுதி அரசு நிலத்தில், இடம் காட்டினோம். புலப்படத்தின் நகலை மனுவோடு முதல் பக்கமாகவே வைத்தோம்.