அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம் என்றதும், பல் பிடுங்கும் வேலைபோல் பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். கண்புரை, குடலிறக்கம், பித்தப்பை நீக்கம் வரை இப்படிச் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்றிரவு செவிலியர் பார்த்திருக்க வேண்டிய வேலை வீட்டில் இருப்பவர் தலையில் வந்து விழுகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏறக்குறைய 9,000 குழந்தைகளுக்கு இவ்வாறு அறுவை செய்ததாக 1909-இல் தெரிவித்த அறுவை மருத்துவர் ஜேம்ஸ் நிக்கோல், வீட்டுக்கே போய்ப் பார்க்கச் செவிலியரை ஏற்பாடு செய்திருந்தார்.

அடிக்கடி நடக்கும் தவறு வயிற்றைப் பற்றியது. “அரை டம்ளர் பால்தானே” என்பார்கள். பால் வயிற்றில் திரிந்து தங்கும். ஆகவே மயக்க மருத்துவர் கணக்கில் அது திட உணவு. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுவதால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். தெரியாமல் சாப்பிட்டுவிட்டால் சொல்லிவிடுங்கள். அறுவை தள்ளிப்போகும், அவ்வளவுதான். மறைப்பதுதான் ஆபத்து. இன்னொரு சாரார் முந்தைய இரவிலிருந்தே சொட்டுத் தண்ணீரும் தொடாமல், நாக்கு வறண்டு, ஊசி போட ரத்தக்குழாய் தேடும் நிலையில் வந்து சேர்கிறார்கள். இதுவும் வேண்டாத தவம்.

மாத்திரைகளில் சொந்த முடிவு கூடாது. ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து, சர்க்கரை மருந்து, மூலிகைப் பொடி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று கேளுங்கள்.

கை, கால் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தால், மாலையில் வலியே இருக்காது. “நமக்கெதற்கு வலி மாத்திரை” என்று படுத்துவிடுவார்கள். நள்ளிரவில் மரப்பு விலகும்போது வலி ஒரேயடியாகத் தாக்கும். அப்போது விழுங்கும் மாத்திரை வேலை செய்ய நேரமாகும். சொன்ன வேளைக்கு, வலிக்குமுன்பே போடுங்கள். மரத்த கையில் சூடான பாத்திரம் பட்டாலும் தெரியாது என்பதையும் மறக்கவேண்டாம்.

வாடகை வண்டி ஓட்டுநர் துணை ஆகமாட்டார். மயக்க மருந்துக்குப் பின் 24 மணி நேரம் வண்டி ஓட்டுவதோ, முக்கியப் பத்திரத்தில் கையெழுத்திடுவதோ, மது அருந்துவதோ கூடாது. தெளிவாக இருப்பதாகத் தோன்றுவதை நம்பாதீர்கள். இரவு உடனிருக்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கட்டு ரத்தத்தில் நனைந்தாலோ, மணிக்கணக்கில் சிறுநீர் பிரியாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எந்த எண்ணை அழைப்பது, நள்ளிரவு 2 மணிக்கும் அதை யாராவது எடுப்பார்களா என்று கிளம்புமுன் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.